துப்பாக்கிக் குழல் ஆப்பு இறுகிவிட்டதா? அறிகுறி பார்த்துக் கழற்றும் முறை

பெங்களூரு கண்டோன்மென்ட்டில் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடை ஒன்றின் பின்கட்டில், துப்பாக்கியின் மரப்பகுதியான கட்டையைப் பழுதுபார்க்கும் வேலை பார்க்கிறேன். செப்டம்பர் முதல் வாரத்தில் குடகில் ஆயுதங்களை வைத்துப் பூசை செய்யும் கைல்போள்து திருவிழா முடியும். தென்னை உச்சியில் தேங்காயைச் சுட்டு விழுத்தும் போட்டியும் முடியும். அடுத்த சில வாரங்களில், குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகள் எங்கள் மேசைக்கு வந்து சேரும். புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: குழலைக் கழற்றிக் கழுவ வேண்டும், அதைக் கட்டையோடு பிடித்திருக்கும் ஆப்பு வெளியே வர மறுக்கிறது.

வந்து சேரும்போது ஆப்பு மட்டும் மாட்டியிருந்தால் வேலை சுலபம். ஆனால் அதற்கு முன்பே வீட்டில் யாராவது ஸ்குரூடிரைவரை வைத்து அடித்திருப்பார்கள். ஆப்பு நுழையும் ஓட்டையில் பதித்த பித்தளைத் தகடு நெளிந்திருக்கும், அதைச் சுற்றி மரம் சிராய்ந்திருக்கும், ஆப்பின் முனை காளான்போல் விரிந்திருக்கும். கால் மணி நேர வேலை சில வார வேலையாகிவிடும். இரும்பு ஆப்பு ஒன்றைப் புதிதாகச் செய்ய அதிகம் செலவாகாது. நூறு ஆண்டு கடந்த வால்நட் கட்டைக்கு மாற்று எங்கே வாங்குவது? எனவே கீழே சொல்லும் ஒவ்வொரு இடத்திலும், ஆப்பா மரமா என்ற கேள்வி வந்தால், ஆப்பைப் பலி கொடுங்கள்.

எந்தத் துப்பாக்கிக்கு இது பொருந்தும்

கேப் (அடிபட்டதும் பொறி தரும் சிறு உலோக மூடி) வைத்துச் சுடும் அரைக்கட்டைத் துப்பாக்கிகள் (முன்கட்டை குழலின் பாதி நீளம் வரை மட்டும் போகும்), ஆங்கிலேயர் காலத்து வேட்டைத் துப்பாக்கிகள், அவற்றின் நகல்கள், அமெரிக்க ஹாக்கன் பாணி ரைஃபிள்கள் ஆகியவற்றில் குழலை முன்கட்டையோடு பிடித்திருப்பது தட்டையான ஓர் ஆப்பு. சிலவற்றில் இரண்டு இருக்கும். குழலின் அடியில் பற்றவைத்த காது ஒன்று கட்டைக்குள் இறங்கியிருக்கும். ஆப்பு பக்கவாட்டில் கட்டையின் ஒரு தகட்டில் நுழைந்து, அந்தக் காதின் ஓட்டை வழியாகப் போய், மறுபக்கத் தகட்டில் எட்டிப் பார்க்கும்.

1853 என்ஃபீல்டு போன்ற படைத் துப்பாக்கியில் ஆப்பைத் தேட வேண்டாம். அதில் குழலைப் பிடித்திருப்பவை மூன்று பூண்கள். இன்னும் பழைய சிலவற்றில் ஆப்புக்குப் பதில் மெல்லிய ஊசி ஆணிகள் இருக்கும். அவற்றைக் கழற்றும் முறை வேறு.

எதையும் தட்டும் முன்: குழல் காலியா?

இதை மட்டும் யாரும் தாண்டிப் போகக் கூடாது. சுவரில் மாட்டியிருந்த தாத்தா காலத்துத் துப்பாக்கியில் மருந்தும் ரவையும் அப்படியே கிடப்பது அபூர்வமல்ல. கருமருந்து காய்ந்த நிலையில் இருந்தால் எத்தனை ஆண்டானாலும் எரியும். "எங்கள் வீட்டில் யாரும் சுட்டதே இல்லை" என்பது நிம்மதி தரும் பதில் அல்ல. கெட்டித்து வைத்துவிட்டுச் சுடாமல் போனதால்தான் அது உள்ளே கிடக்கிறது.

துப்பாக்கியின் வாய் ஆளில்லாத பக்கம் பார்க்கட்டும். நிப்பிளில், அதாவது குழலின் பின்முனையில் கேப் உட்காரும் சிறு முளையில், கேப் இருந்தால் எடுத்துவிடுங்கள். மருந்து இடிக்கும் கோலை வாய்வழியாக உள்ளே விட்டு, அடியில் முட்டும் வரை இறக்குங்கள். கோல் வெளியே வரும் இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். பிறகு கோலை உருவி, டேப் வாய்க்கு நேராக இருக்கும்படி குழலின் வெளிப்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோலின் மறுமுனை நிப்பிளுக்குப் பக்கத்தில் வந்து நின்றால் குழல் காலி. சில குழல்களில் அடியறை குறுகலாக இருப்பதால் ஒரு விரற்கடை குறையலாம். அதற்கு மேல் குறைந்தால், அல்லது கோலின் முனை இரும்பில் முட்டும் கணீர் ஒலி வராமல் மொத்தென்று நின்றால், உள்ளே ஏதோ இருக்கிறது.

அப்படி என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு இங்கேயே முடிகிறது. சுத்தியல் வேண்டாம், சூடு வேண்டாம், உள்ளே கம்பி விட்டுக் குடைய வேண்டாம். உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்குப் போன் செய்து, உள்ளே மருந்து இருப்பதாகச் சந்தேகம் என்பதைச் சொல்லி, எப்படிக் கொண்டுவருவது என்று கேளுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு துண்டுப் பித்தளைப் பட்டை. பெங்களூரு எஸ்.ஜே.பி. சாலை இரும்புக் கடைகளில் வெட்டித் தருவார்கள். அதன் முனையை ஆப்பின் முனையைவிட ஒரு மயிரிழை சிறிதாக, அதே செவ்வக வடிவில் அரத்தால் தேய்த்துக்கொள்ளுங்கள். உருண்டைப் பஞ்ச் வேண்டாம். அது ஆப்பின் நடுவில் மட்டும் குத்தி, ஓரங்களை விரித்துவிடும். தச்சர் கொட்டாப்புளி அல்லது சிறிய சுத்தியல் போதும். மணல் நிரப்பிய துணிப்பை ஒன்று. ஆப்பு வெளியே வருவதற்கு இடம் விட்டுக் குடைந்து, மேலே தோல் ஒட்டிய மரத்துண்டு ஒன்று. தகட்டைச் சுற்றி ஒட்ட டேப். இவ்வளவுதான்.

அடுத்து, இடிக்கும் கோலைக் குழலடியிலிருந்து முழுவதும் உருவி எடுத்து வையுங்கள். அரைக்கட்டைத் துப்பாக்கியில் அந்தக் கோல் குழலடி வளையங்கள் வழியாகக் கட்டைக்குள் போய்ச் செருகியிருக்கும். அது அங்கே இருக்கும் வரை ஆப்பு வந்தாலும் குழல் வராது.

## அறிகுறி 1: ஆப்பு இம்மியும் அசையவில்லை, அடித்தால் சுத்தியல் துள்ளுகிறது

அ. தவறான பக்கத்தில் அடிக்கிறீர்கள்

பாதிப் பேருக்கு இதுதான் காரணம். ஓசூர்ப் பக்கம் நிலம் வைத்திருக்கும், அல்சூரில் குடியிருக்கும், பட்டாளத்தில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் பயிர்ப் பாதுகாப்பு உரிமத் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். "ஐயா, எந்தப் பக்கம் அடித்தீர்கள்?" என்றேன். "இரண்டு பக்கமும்தான் தம்பி, நியாயமாக இருக்கட்டும் என்று" என்றார். ஆப்புக்கு அந்த நியாயம் புரியாது. ஒரு முனை அகலம், மறுமுனை குறுகல். குறுகிய முனையில் அடித்தால் மட்டும் வெளியே வரும். அகல முனையில் ஒவ்வொரு அடியும் அதை மேலும் இறுக்கும்.

எது குறுகிய முனை என்பதைக் கண்ணால் சொல்வது கடினம். சாய்வு மிகச் சிறியது. வெர்னியர் அளவுகோல் இருந்தால் இரு பக்கமும் வெளியே தெரியும் பகுதியின் அகலத்தை அளந்து பாருங்கள். அளக்க முடியாவிட்டால் ஓரங்களைப் பாருங்கள்: நுழையும் முனையின் மூலைகள் பெரும்பாலும் மழுங்கி இருக்கும், மறுமுனை சதுரமாகவோ சிறு தலையுடனோ இருக்கும். பழைய அடித்தடங்களும் துப்புத் தரும். இடமிருந்து வலம் என்றோ வலமிருந்து இடம் என்றோ பொதுவிதி சொல்பவர்களை நம்பாதீர்கள். விதி இருந்தாலும், உங்களுக்கு முன் கழற்றியவர் திருப்பிப் போட்டிருக்கலாம்.

ஆ. வார்னிஷ் ஒட்டியிருக்கிறது

கல்யாணம், கிரகப்பிரவேசம் என்று வீட்டுக் கதவுக்கு வார்னிஷ் அடிக்கும்போது, அதே தூரிகையால் துப்பாக்கிக்கும் ஒரு பூச்சு கொடுத்துவிடுவார்கள். ஆப்பும் தகடும் சேரும் இடத்தில் பளபளப்பான படலம் தெரிந்தால் இதுதான். கூரான கத்தி முனையால் ஆப்பைச் சுற்றி அந்தக் கோட்டை மட்டும் கீறி விடுங்கள். மரத்தைத் தொட வேண்டாம். பிறகு லேசான தட்டலிலேயே கிளம்பிவிடும்.

இ. தேங்காய் எண்ணெய்

எண்ணெய் என்றால் நம் வீடுகளில் முதலில் கைக்கு வருவது இதுதான். இரும்புக்கு நல்லது என்று ஆப்பு ஓட்டையில் ஊற்றியிருப்பார்கள். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். பெங்களூரில் டிசம்பர், ஜனவரி காலைகளில் வெப்பம் அதற்கு வெகு கீழே போகும். ஆப்பு ஓரத்தில் வெள்ளையாக மெழுகுபோல் தெரிந்தால், அல்லது மூக்கை அருகே கொண்டுபோனால் சிக்கு வாடை வந்தால், முடி உலர்த்தும் டிரையரை ஓரடி தள்ளிப் பிடித்து மிதமாகச் சூடேற்றுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள், மரம் வெடிக்கும். உருகியதும் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத் தட்டுங்கள். பல ஆண்டு பழசாகி மஞ்சள் பிசினாக மாறியிருந்தால் சூட்டோடு ஒரு சொட்டு மண்ணெண்ணெயும் தேவைப்படும். டிரையரை அணைத்து ஓரமாக வைத்த பிறகு மண்ணெண்ணெய் பாட்டிலைத் திறக்கவும். வரிசை மாறக் கூடாது.

ஈ. கட்டை ஊதியிருக்கிறது

ஜூன் முதல் செப்டம்பர் வரை குடகு வீடுகளில் சுவரே வியர்க்கும். வால்நட் கட்டை ஈரத்தைக் குடித்து குறுக்கே பருக்கும். முன்கட்டை பருத்தால் குழலை மேலே தள்ளும். குழலின் காது ஆப்பை மேலே இழுக்கும். ஆப்பு நடுவில் மாட்டிக்கொள்ளும். கட்டைக்கும் குழலுக்கும் இடையே வழக்கமான மெல்லிய கோடு மறைந்து, மரம் இரும்பை நெருக்கி நிற்பதைப் பார்க்கலாம்.

இதற்கு ஒரு கை வித்தை உண்டு, அதிகம் பேருக்குத் தெரியாது. ஒருவர் இரு கைகளாலும் ஆப்புக்கு இரு பக்கமும் குழலையும் முன்கட்டையையும் சேர்த்து இறுக அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த அழுத்தத்தில் காது சற்றுக் கீழே இறங்கும், ஆப்பின் மேல் இருக்கும் பாரம் குறையும். அழுத்தம் விடாமல் இருக்கும்போதே மற்றவர் குறுகிய முனையில் தட்ட வேண்டும். கையழுத்தம் போதாவிட்டால், தோல் வைத்த சி-கிளாம்ப் ஒன்றை மெல்ல முறுக்கிக்கொள்ளலாம். ஆள் பிடித்து ஒரே தட்டலில் வந்த ஆப்பு, ஆள் பிடிக்காமல் முழுநாள் அடித்தாலும் வராது.

அப்படியும் வராவிட்டால் காத்திருங்கள். துப்பாக்கியைப் பெங்களூரில் உலர்ந்த அறையில் படுக்கவைத்துச் சில நாட்கள் விட்டுவிடுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் கொண்டுவந்தால் இந்தக் காரணம் தானாகவே மறைந்துவிடும். மொட்டை மாடியில் வெயிலில் போடாதீர்கள். வெளிப்பக்கம் சடாரென்று காய்ந்து, உள்ளே ஈரம் நிற்க, கட்டை நீளவாக்கில் பிளக்கும்.

உ. துரு

சுட்டபின் தங்கும் கருமருந்துக் கசடு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். இரும்பைத் தின்னும். வெந்நீரால் குழலைக் கழுவுபவர்கள்கூட ஆப்பு ஓட்டையை மறந்துவிடுவார்கள். ஆப்பின் ஓரத்தில் செம்பழுப்புப் பொடி உதிர்ந்தால் துரு.

தகட்டைச் சுற்றியுள்ள மரத்தில் தேன்மெழுகு தேய்த்து மறைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் மரத்துக்குள் போனால் கறுத்து, நாளடைவில் பஞ்சாகிவிடும். துப்பாக்கியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, துரு இளக்கும் எண்ணெயை ஊசியால் இரண்டு சொட்டு மட்டும் ஆப்பு ஓரத்தில் விடுங்கள். ஸ்ப்ரே பீய்ச்ச வேண்டாம். இரவு முழுக்க விட்டு, மறுநாள் பக்கம் மாற்றி இன்னும் இரண்டு சொட்டு. பிறகு தட்டல். கனமாக ஓர் அடி அடிப்பதைவிட, வேகமாக, லேசாக, தொடர்ந்து தட்டுவது துருவை உடைக்கும்.

இன்னும் அசையாவிட்டால் சூடு. எண்ணெயை முழுவதும் துடைத்து உலரவிட்ட பிறகு, பெரிய சால்டரிங் அயனின் முனையை ஆப்பின் முனையில் மட்டும் வைத்துச் சூடேறவிட்டு, ஆறவிடுங்கள். இரும்பு விரிந்து சுருங்கும்போது துருவின் பிடி தளரும். தீச்சுவாலையைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். தகட்டுக்கு அடியில் புகை தெரிந்தால் நிறுத்துங்கள்.

இத்தனைக்கும் அசையாத ஆப்பைத் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். அது வீட்டு வேலை அல்ல. துளை ஒரு நூல் விலகினால் குழலின் காது போய்விடும். காதை மறுபடி பற்றவைப்பது குழலையே தொடும் வேலை. கடையில் விடுங்கள்.

## அறிகுறி 2: சிறிது வந்தது, பிறகு நின்றுவிட்டது

முதலில் மகிழ்ச்சியான காரணம். அது வர வேண்டிய தூரம் அவ்வளவுதான். நல்ல ஆங்கிலத் துப்பாக்கிகளில் ஆப்பு தொலைந்துவிடக் கூடாது என்று, ஆப்பின் நடுவே நீளப் பள்ளம் ஒன்று வெட்டி, அதன் வழியாகக் கட்டையில் ஒரு சிறு ஊசி அடித்திருப்பார்கள். ஆப்பு காதை விட்டு விலகும் வரை வரும், அதற்கு மேல் ஊசி தடுக்கும். முன்கட்டையின் அடியில், ஆப்பு போகும் பாதைக்கு நேராக, சிறு புள்ளிபோல் ஊசித் தலை ஒன்று தெரிகிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். தெரிந்தால் நிறுத்திவிட்டுக் குழலை உயர்த்திப் பாருங்கள். இந்த ஊசியை மேலும் இழுத்து முறித்துவிட்டு, "ஆப்பு வந்துவிட்டது" என்று பெருமையாகக் கொண்டுவருபவர்கள் உண்டு.

ஊசி இல்லை என்றால், முனை விரிந்திருக்கலாம். முன்பு யாரோ அடித்த அடியில் குறுகிய முனை காளானாகி, இப்போது காதின் ஓட்டைக்குள் நுழைய மறுக்கிறது. ஆப்பை வந்த வழியே ஒரு நூல் திருப்பித் தட்டி, விரிந்த பிசிரை வெளியே கொண்டுவந்து, மெல்லிய அரத்தால் தகட்டோடு சமமாகத் தேய்த்துவிடுங்கள். தகட்டின் மேல் டேப் இரண்டு அடுக்கு ஒட்டிக்கொண்டு தேய்த்தால் கீறல் விழாது.

இரண்டும் இல்லையென்றால் ஆப்பு வளைந்திருக்கிறது. அடித்தால் நகர்ந்து, விட்டதும் ஸ்பிரிங்போல் பின்வாங்கும். அந்த வளைவு தற்செயலாகவும் இருக்கலாம், தளர்ந்த குழலை இறுக்குவதற்காக யாரோ வேண்டுமென்றே வளைத்ததாகவும் இருக்கலாம். அடிப்பதை விட்டுவிட்டு அழுத்துங்கள். சி-கிளாம்பின் ஒரு தாடை பித்தளைப் பட்டை வழியாகக் குறுகிய முனையில் நிற்கட்டும். மறுபக்கத்தில், வெளிவரும் ஆப்பு உள்ளே புகும் அளவு துளையுள்ள சிறு இரும்புக் குழாய்த் துண்டு, அதற்கும் மரத்துக்கும் நடுவே தோல். கிளாம்பைக் கால் சுற்று முறுக்கி, மூச்சு விட்டு, மறுபடி கால் சுற்று. குழாய் தகட்டின் மேல் உட்கார்ந்து அதை அமுக்குகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

## அறிகுறி 3: தட்டும்போது தகடு எழும்புகிறது, அல்லது மரம் முனகுகிறது

நிறுத்துங்கள்.

ஆப்பு தகட்டோடு ஒட்டிக்கொண்டு அதையும் சேர்த்து இழுக்கிறது, அல்லது நீங்கள் தவறான பக்கத்தில் அடிப்பதால் அகல முனை தகட்டைத் தள்ளுகிறது. பக்கத்தை மறுபடி சரிபாருங்கள். பக்கம் சரி என்றால், எழும்பும் தகட்டின் மேல் துளையுள்ள மரத்துண்டை வைத்து ஒருவர் அழுத்திக்கொள்ள, ஆப்பு அந்தத் துளை வழியாக வெளியேறட்டும். தகட்டைப் பிடித்திருக்கும் சிறு திருகுகள் கட்டையின் நாரிலிருந்து கழன்று வந்திருந்தால் இன்னும் அடிக்காதீர்கள். வெடிப்பு ஓட்டையின் மூலையில் தொடங்கி நார்வாக்கில் ஓடும். நகத்தின் அகலத்துக்கு மேல் வெடிப்பு ஓடிவிட்டால் தொழில் தெரிந்தவரிடம் போக வேண்டிய நேரம். வெடிப்பில் வீட்டிலுள்ள பசையை ஊற்றிவிட்டு வந்தால் அதைச் சுரண்டி எடுக்கவே பாதி நாள் போகும்.

## அறிகுறி 4: ஆப்பு கையில், குழல் மட்டும் கட்டையில்

பெரும்பாலும் அலட்சியம்தான் காரணம், இரும்பு அல்ல. வரிசையாகப் பாருங்கள்:

- இடிக்கும் கோல் இன்னும் உள்ளே இருக்கிறதா?
- இரண்டாவது ஆப்பு இருக்கிறதா? நீண்ட ரைஃபிள்களில் முன்னால் ஒன்று தனியாக இருக்கும்.
- குதிரை (கேப்பை அடிக்கும் சுத்தி) நிப்பிளின் மேல் உட்கார்ந்திருக்கிறதா? அது அமர்ந்திருந்தால் குழல் உயராது. பாதி இழுத்த நிலையில் நிறுத்துங்கள்.
- குழலின் பின்னால் கொக்கி உண்டா? குழலுக்கும் பின்பக்க வால்தகட்டுக்கும் நடுவே குறுக்காக நேர்க்கோட்டு இணைப்பு தெரிந்தால் கொக்கி உண்டு. முன்முனையை மெல்ல உயர்த்தினால் கொக்கி விடுபடும். கோடு இல்லையென்றால் வால்தகடும் குழலும் ஒன்றே. அதன் திருகைக் கழற்றாமல் குழல் வராது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வராவிட்டால், கொக்கியில் பழைய கசடு இறுகியிருக்கிறது. இணைப்புக் கோட்டில் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுக் காத்திருந்து, குழலை உள்ளங்கையால் கீழிருந்து மேலாகத் தட்டுங்கள். குழலை நெம்புகோலாக்கி வலுக்கட்டாயமாக உயர்த்தினால், கட்டை மிக மெலிந்த இடத்தில் முறியும். அந்த இடம் குதிரையை இயக்கும் பூட்டுக்குச் சற்றுப் பின்னால்.

## அறிகுறி 5: வருகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் போராட்டம்

நான் அதிகம் ரசித்துச் செய்யும் வேலை இதுதான். சரியாகப் பொருந்திய ஆப்பு கட்டைவிரல் அழுத்தத்தில் பெரும்பகுதி உள்ளே போக வேண்டும், கடைசிச் சிறு தூரம் மட்டும் ஒரு தட்டலில் உட்கார வேண்டும். அதற்கு மேல் பலம் கேட்டால் எங்கோ உரசுகிறது. எங்கே என்று ஊகிக்க வேண்டாம், ஆப்பே சொல்லும்.

ஆப்பைத் துடைத்து, அதன் நான்கு பக்கமும் கண் மை மெல்லிய படலமாகப் பூசுங்கள். விளக்குக் கரியும் ஆகும், ஆனால் மை ஒட்டி நிற்கும், பறக்காது. குழலைக் கட்டையில் வைத்து ஆப்பைத் தட்டி உட்காரவைத்து, மறுபடி வெளியே எடுத்துப் பாருங்கள். மை துடைபட்டுப் பளிச்சென்று இரும்பு தெரியும் இடமே உரசும் இடம்.

மேல், கீழ் ஓரங்களின் நடுவில் மட்டும் தெரிந்தால் காதின் ஓட்டை இறுக்கம். அந்த ஓரத்தை நீளவாக்கில் எண்ணெய்க்கல்லில் இரண்டு முறை தேய்த்து, மை பூசி, மறுபடி பாருங்கள். மூலைகள் நான்கிலும் கோடு விழுந்தால் மூலைகளை அரத்தால் ஒரு தடவு தடவி மழுக்கினாலே போதும். பக்கவாட்டின் இரு கடைசிகளில் விழுந்தால் தகட்டின் ஓட்டைகள் நேர்கோட்டில் இல்லை. தகட்டுத் திருகுகளைத் தளர்த்தி, ஆப்பு உள்ளே இருக்கும்போதே மறுபடி முறுக்கினால் பல நேரம் சரியாகிவிடும்.

தேய்ப்பது எப்போதும் ஆப்பை. காதின் ஓட்டையையோ கட்டையையோ அல்ல. ஆப்பு தேய்ந்துபோனால் புதிது செய்யலாம். ஓட்டை பெரிதானால் குழலே தளரும். ஒரு தேய்ப்பு, ஒரு சோதனை என்று போங்கள். பொறுமையில்லாமல் பத்துத் தேய்ப்பு தேய்த்துவிட்டால் அடுத்த அறிகுறிக்கு நேராகப் போய்விடுவீர்கள்.

முடிந்ததும் மையை முழுவதும் துடைத்து, தேன்மெழுகை ஆப்பின் மேல் தேயுங்கள். எண்ணெயைவிட மெழுகு நல்லது. மரத்துக்குள் ஊறாது, துருவையும் தடுக்கும். இரண்டு ஆப்பு இருந்தால் முன்னதில் அரத்தால் ஒரு கீறல், பின்னதில் இரண்டு கீறல் என்று அகல முனையில் அடையாளம் வைத்துவிடுங்கள். மாற்றிப் போட்ட ஆப்புகளால்தான் பாதித் தகராறு வருகிறது.

## அறிகுறி 6: ஆப்பு தளர்ந்து தானாக நழுவுகிறது

எதிர்க்கோடி. ஆப்பை வைஸில் மென்தாடைகளுக்கு நடுவே பிடித்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு வளைத்தால் போதும். அதற்கும் நிற்காவிட்டால் புதிய ஆப்பு. காகிதம் மடித்துச் செருகாதீர்கள். அது ஈரம் குடித்து, நீங்கள் மறந்த ஒரு மழைக்காலத்தில் உங்களை முதலாம் அறிகுறிக்குக் கொண்டுபோய்விடும்.

எப்போது, யாரிடம் கொடுப்பது

மருந்து உள்ளே இருக்கும் சந்தேகம், வெடிப்பு, உதிர்ந்த காது, துளையிட வேண்டிய ஆப்பு: இந்த நான்கில் எது வந்தாலும் கடைக்கு.

எந்தக் கடைக்கு என்பதும் முக்கியம். பெங்களூரின் தொழிற்பேட்டையான பீன்யாவின் லேத் பட்டறைகளில் என்னைவிடக் கைத்திறன் மிக்கவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். பயிர்ப் பாதுகாப்புக்காக வாங்கிய வாய்வழித் துப்பாக்கியும் இதே சட்டத்துக்குள்தான் வருகிறது. குடகர்களுக்கும் ஜம்மா எனும் பரம்பரை உரிமை நிலம் உடையவர்களுக்கும் உரிமம் வைத்திருப்பதிலிருந்து தரப்பட்டுள்ள விலக்கு 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அது வைத்திருப்பவருக்கான விலக்கு, பழுதுபார்ப்பவருக்கானது அல்ல.

கொண்டுவரும்போது உரிமத்தையோ விலக்குச் சான்றையோ கையோடு எடுத்து வாருங்கள். துப்பாக்கியை உறையில் போட்டு, கேப்பும் மருந்தும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். மேசையில் வைத்ததும் மூன்று விஷயங்களை மறைக்காமல் சொல்லுங்கள்: எந்தப் பக்கம் அடித்தீர்கள், எந்த எண்ணெய் விட்டீர்கள், எங்கே சூடு காட்டினீர்கள். மண்ணெண்ணெய் ஊறிய கட்டை என்று தெரியாமல் அயனை வைக்க எனக்கும் விருப்பமில்லை. உடைந்த துண்டுகள், கழன்ற திருகுகள், ஆப்பிலிருந்து உதிர்ந்த சில்லு என்று எதையும் குப்பையில் போடாமல் ஒரு தீப்பெட்டியில் போட்டு எடுத்து வாருங்கள். பழைய ஆப்பின் அரைத் துண்டு கையில் இருந்தாலும், புதியதை அதே சாய்வில் வெட்டிவிட முடியும்.